லைட்சேபர் இல்லாத ஸ்டார் வார்ஸ், மூணு வருஷமா ஓயாத சண்டை

முதல்லயே ஒத்துக்கிறேன், ஸ்டார் வார்ஸ் படங்களோட உலகத்துல நடக்குற ஆண்டோர்ங்கிற சீரியலோட ரெண்டாவது எபிசோட்ல நான் தூங்கிட்டேன். 2022 செப்டம்பர் 21, மூணு எபிசோட ஒரே நாள்ல இறக்கினாங்க, ஸ்டார் வார்ஸ்னு பேர் போட்டு எது வந்தாலும் முதல் நாளே பாத்துடற ஆளு நான், அன்னிக்கும் ஆசையா உக்காந்தேன். முதல் எபிசோட்ல மழை, இருட்டு, கதாநாயகன் ஆண்டோர் தன் தங்கச்சியத் தேடிக்கிட்டு ஒரு மாதிரியான விடுதிக்குள்ள போறான், வெளிய வந்ததும் வம்பு பண்ண ரெண்டு காவலாளிகளக் கொன்னுடறான். சரி சூடு பிடிக்குதுடான்னு நிமிர்ந்து உக்காந்தா, அதுக்கப்புறம் அந்தாளு ஊருக்குப் போயி, நேத்து ராத்திரி நான் உன்கூடத்தான் இருந்தேன்னு சொல்லுன்னு ஃப்ரெண்டுகிட்ட கெஞ்சுறான், கடன்காரனுக்கு சாக்கு சொல்றான், திருட்டு சாமான் ஒன்ன விக்க ஆள் தேடுறான். இதுக்கு நடுவுல சின்ன வயசு ஃப்ளாஷ்பேக் வேற, அதுல பேசுற பாஷைக்கு சப்டைட்டில் கூட கிடையாது. நான் எப்ப கண்ண மூடினேன்னே தெரியல.

என்கூட சேர்ந்து சின்ன வயசுலருந்து இந்தப் படங்கள பாத்துட்டு வர்ற ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான், அவன் தூங்காம மூணையும் பாத்து முடிச்சுட்டு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டான்: "ஸ்டார் வார்ஸ்னு பேரு, இதுல ஸ்டாரும் இல்ல, வார்ஸும் இல்ல." அதோட அவன் பாக்குறத விட்டுட்டான். அன்னிக்கு நானும் ஆமாடா ஆமாடான்னு தலையாட்டினவன்தான். ரெண்டு மாசம் கழிச்சு, சிறைச்சாலை எபிசோட் ஒன்னு வந்திருக்கு பாத்தே ஆகணும்னு வேற ஒருத்தர் பிடிச்சு உக்கார வெச்சாரு, அதுலருந்து நான் கட்சி மாறிட்டேன், எங்க ரெண்டு பேருக்கும் சண்டை ஆரம்பிச்சது அங்கதான். இன்னிக்கு வரைக்கும் ஓயல. ரெண்டாவது சீசனும் 2025ல வந்து முடிஞ்சு போச்சு, இன்னும் எப்ப பேசினாலும் பத்து நிமிஷத்துல அங்கதான் வந்து நிக்கும். (ரெண்டு சீசனோட கதையையும் இனிமே உடைச்சுதான் பேசப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.)

அவன் மட்டும் இல்ல, ரசிகர்கள் மத்தியில இந்த சண்டை பொதுவாவே உண்டு. ஒரு பக்கம், இது ரொம்ப ஸ்லோ, ஜெடாய்ங்கிற மந்திர சக்தி வீரருங்க இல்ல, அவங்க கையில இருக்கிற லைட்சேபர்ங்கிற ஒளி வாள் இல்ல, ஏலியன்ஸ் கூட கம்மி, இதுக்கு ஸ்டார் வார்ஸ்னு பேர் எதுக்கு, வேற எதாவது பேர்ல எடுத்துட்டுப் போயிருக்கலாமேன்னு கேக்குறவங்க. இன்னொரு பக்கம், இதுதான்டா அசல், மத்ததெல்லாம் பொம்மை விக்கிறதுக்கு எடுத்ததுன்னு சொல்றவங்க. ரெண்டு பக்கமும் பாதிதான் சரின்னு எனக்குத் தோணுது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்லுவேன், சீரியல் மாதிரியே.

ஸ்லோன்னா என்னன்னு முதல்ல பாப்போம். சிறைச்சாலைக் கதைய எடுத்துக்குங்க, முதல் சீசன்ல எட்டு, ஒம்போது, பத்தாவது எபிசோட். நார்கினா 5ன்னு ஒரு இடம், கடலுக்கு நடுவுல. ஒரு டேபிளுக்கு ஏழு பேர், ஒரு ரூமுக்கு ஏழு டேபிள், ஒரு மாடிக்கு ஏழு ரூம், அப்படி ஏழு மாடி. பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட். ஏதோ ஒரு மெஷின் பாகத்த மாட்டிக்கிட்டே இருக்கணும், அது என்ன பாகம் எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. எந்த டேபிள் வேகமா முடிக்குதோ அதுக்கு சாப்பாட்டுல ருசி சேத்துக் குடுப்பாங்க, எது கடைசியா வருதோ அந்த டேபிளுக்கு ஷாக். கைதிங்க எல்லாரும் வெறுங்கால், தரையே கரண்டு, கார்டுங்க மட்டும் பூட்ஸ் போட்டிருப்பாங்க, அவ்வளவுதான் பாதுகாப்பு ஏற்பாடு. துப்பாக்கி நீட்ட வேண்டிய அவசியமே இல்ல. படுக்குற இடத்துல ஒரு நம்பர் எரியும், இன்னும் எத்தனை ஷிஃப்ட் பாக்கின்னு.

இதுல கீனோ லாய்னு ஒருத்தன், ஆண்டி செர்கிஸ் பண்ணிருக்காரு, ரூமுக்கு மேஸ்திரி மாதிரி. அவனும் கைதிதான், ஆனா முதலாளிக்கு மேல முதலாளியா நடந்துக்குவான். நம்மாளு அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பான்: ஒவ்வொரு மாடியிலயும் எத்தனை கார்டு? அதுக்கு கீனோ பதில் சொல்ல மாட்டான். முறைப்பான், அதட்டுவான், வேலையப் பாருடான்னு சொல்லுவான். நாம பாக்குறப்ப, சொல்லித் தொலையேன்டா, கதை நகரட்டும்னு இருக்கும். ஷிஃப்ட் முடியும், படுப்பாங்க, எழுந்திருப்பாங்க, மறுபடி ஷிஃப்ட். விடுதலைக்கு கொஞ்ச ஷிஃப்ட் மட்டும் பாக்கி வெச்சிருக்கிற உலாஃப்னு ஒரு கிழவன் நம்ம கண்ணு முன்னாடியே தளர்ந்துகிட்டே போவான், கை நடுங்கும், டேபிள்ல இருக்கிறவங்க அவன் வேலைய மறைச்சு மறைச்சு செஞ்சு குடுப்பாங்க, ஒருநாள் விழுந்துடுவான். வைத்தியம் பாக்க வர்றவன், அவனும் கைதிதான், அவன் வாயிலருந்துதான் உண்மை வரும்: வேற மாடியில ஒருத்தனுக்கு தண்டனை முடிஞ்சு விடுதலைன்னு வெளிய அனுப்பி, தவறிப் போயி அதே சிறையில ரெண்டாவது மாடியில கொண்டாந்து விட்டுட்டாங்க, விஷயம் பரவிடுச்சு, அதனால அந்த மாடியில இருந்த எல்லாரையும் கொன்னுட்டாங்க. அதாவது யாருக்கும் விடுதலைங்கிறதே கிடையாது. அந்த நம்பர் பொய்.

அது தெரிஞ்ச பிறகு, ஒம்போதாவது எபிசோடோட கடைசியில, கீனோ அந்தப் பதில சொல்லுவான். எந்த மாடியிலயும் பன்னெண்டு பேருக்கு மேல இருந்ததில்லன்னு.

ஒரு நம்பர், அவ்வளவுதான். நான் சோபாவ விட்டு எழுந்து நின்னுட்டேன், நிஜமா சொல்றேன். இதே விஷயத்த ஒரு ரெண்டு மணி நேரப் படத்துல வெச்சிருந்தா, நம்மாளு கேப்பான், கீனோ அஞ்சு நிமிஷம் முறைச்சுட்டு சொல்லிடுவான், அடுத்த சீன்ல சண்டை. நமக்கு தகவல் கிடைச்சிருக்கும். ஆனா அந்த மனுஷன் வாயிலருந்து அது வர்றதுக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகணும்னு நமக்குப் புரிஞ்சிருக்காது. ஒழுங்கா வேலை செஞ்சா வெளிய போயிடலாம்னு நம்பிக்கிட்டு இருக்கிறவன் அந்த நம்பிக்கைய விடுறதுக்கு எடுத்துக்கிற நேரம் அது, அந்த நேரத்த நாமளும் அவன்கூட உக்காந்து கழிச்சாதான் உண்டு. பத்தாவது எபிசோட்ல அத்தனை பேரும் ஒரே வழிதான் இருக்கு, வெளியன்னு கத்திக்கிட்டு ஓடுறப்ப நமக்கு புல்லரிக்குதுன்னா, அந்த ஷிஃப்ட்ட எல்லாம் நாமளும் பாத்திருக்கோம், அதனாலதான். கடைசியில அத்தனை பேரையும் தண்ணி வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு எனக்கு நீச்சல் தெரியாதுன்னு சொல்லிட்டு கீனோ நிப்பான் பாருங்க... அதுக்கப்புறம் அவன் என்ன ஆனான்னு சீரியல் சொல்லவே இல்ல.

ஃப்ரெண்டுகிட்ட இத எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி: "சரிடா, அதுக்கு எட்டாவது எபிசோட் வரைக்கும் வரணுமா? நான் என்ன சம்பளத்துக்கா பாக்குறேன்?"

இதுக்கு என்கிட்ட சுத்தமான பதில் இல்ல. முதல் மூணு எபிசோடுல இழுவை இருக்குதான், கெனாரி கிரகத்து ஃப்ளாஷ்பேக் எல்லாம் பாதியா குறைச்சிருந்தாலும் ஒன்னும் கெட்டுப் போயிருக்காது. ஆனா திரும்பப் பாத்தப்ப ஒன்னு கவனிச்சேன், முதல் தடவை நான் தூங்கின இடத்துலதான் கதையோட ஆணிவேரே இருக்கு. ரெண்டு காவலாளிங்க செத்துட்டாங்களா, அவங்க வேலை பாத்த பாதுகாப்புக் கம்பெனியோட இன்ஸ்பெக்டர் என்ன சொல்றாரு தெரியுமா, செத்தவனுங்க போகக்கூடாத இடத்துக்குப் போயிருக்கானுங்க, குடிச்சிருக்கானுங்க, இத ஒரு விபத்துன்னு கதை கட்டி ஃபைல மூடு, நான் எம்பயர் (அந்த உலகத்த ஆளுற கொடுங்கோல் அரசு) மீட்டிங்குக்குப் போறேன், அங்க நம்ம பேர் அடிபடக் கூடாது. அவர் கெட்டவரா நல்லவரான்னே சொல்ல முடியாது, வேலைய காப்பாத்திக்கத் தெரிஞ்ச மனுஷன். ஆனா அவருக்குக் கீழ ஒரு பையன், சிரில் கார்ன்னு, யூனிஃபார்ம தானா தச்சு சரி பண்ணிப் போட்டுக்கிற டைப்பு, அவனுக்கு இது பொறுக்கல. நியாயம்னு கிளம்பிடறான். அவன் நேர்மையாலதான் அத்தனை பேர் சாவுறாங்க, ஒரு ஊரே எம்பயர் கைக்குப் போகுது. சோம்பேறி அதிகாரியால ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல, சின்சியர் அதிகாரியால ஊரு நாசம். இந்த ஒரு யோசனைக்காகவே சீரியல உருவாக்கின டோனி கில்ராய்க்கு கும்பிடு போடலாம்.

அப்புறம் இந்தக் கதையில ஒன்னோட ஒன்னு கோத்திருக்கிற விதம். அல்டானிங்கிற கிரகத்துல எம்பயரோட சம்பளப் பணத்த கொள்ளையடிக்கிறாங்க, 8 கோடி கிரெடிட், அதுல ஆண்டோரும் உண்டு. அந்தக் கொள்ளைக்குப் பதிலடியா எம்பயர் ஒரு புது உத்தரவு போடுது, சின்னக் குத்தத்துக்கெல்லாம் பெரிய தண்டனை. நம்மாளு பணத்தோட ஒரு பீச் ஊருல போயி வேற பேர்ல ஒளிஞ்சிருக்கான், கடைக்குப் போற வழியில சும்மா நடந்து போனதுக்குப் பிடிச்சு ஆறு வருஷம் உள்ள தள்ளிடறாங்க. ஆக அவன் செஞ்ச கொள்ளையே அவனுக்கு அந்த ஆறு வருஷத்த வாங்கிக் குடுக்குது, பிடிச்சவங்களுக்கு இவன் யாருன்னே தெரியாது. அந்த சிறையில அவன் மாட்டிக்கிட்டிருந்த பாகம் எதுக்குன்னு முதல் சீசன் முடிஞ்சு பேரெல்லாம் ஓடின பிறகு ஒரு சின்ன சீன்ல காட்டுவாங்க. டெத் ஸ்டாருக்கு, ஒரு கிரகத்தயே அழிக்கிற எம்பயரோட ராட்சச ஆயுதம் அது. 2016ல வந்த ரோக் ஒன் படத்துல (ஆண்டோர் கதைக்கு அடுத்து நடக்குறது அது) அவன் சாகுறது அந்த டெத் ஸ்டாராலதான். யாரும் இத வசனமா பேசி நமக்கு எடுத்துச் சொல்றதில்ல, அப்படியே விட்டுட்டாங்க. நான் மட்டும் ராத்திரி ஒரு மணிக்கு ஃப்ரெண்டுக்கு போன் போட்டு இதச் சொல்லி திட்டு வாங்கினேன்.

எனக்கு ரொம்ப சிரிப்பு வர்ற விஷயம் ஒன்னு இருக்கு. 1999ல ஃபேன்டம் மெனஸ்ங்கிற ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்ப எல்லாரும் என்ன சொல்லி கழுவி ஊத்தினாங்க? ஆரம்பத்துல ஓடுற அந்த மஞ்சள் எழுத்துலயே வணிகப் பாதை, வரி, அது இதுன்னு வருது, செனட்ல உக்காந்து பேசிட்டே இருக்காங்க, ஸ்டார் வார்ஸ்ல எதுக்கு இந்த அரசியல்னு. நானும் சொன்னேன். இருபத்து மூணு வருஷம் கழிச்சு அதே ஜனம், புரட்சிக்கு ரகசியமா பணம் குடுக்கிற செனட்டர் மான் மோத்மாவோட பேங்க் கணக்குல 4 லட்சம் கிரெடிட் இடிக்குதே, ஆடிட் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு நகத்தக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. வரி விவகாரம் போரடிச்சுது, கணக்கு விவகாரம் த்ரில்லா இருக்கு, என்ன வித்தியாசம்?

1999ல அந்த வரியால யாருக்கு என்ன வலின்னு நமக்குக் கடைசி வரை தெரியல. இங்க அந்த 4 லட்சத்த சரிக்கட்ட ஒரு மோசமான பணக்காரன் வர்றான், கமிஷன் எதுவும் வேணாங்கிறான், என் பையன உன் பொண்ணுக்கு அறிமுகம் செஞ்சு வை, அது போதும்னு கேக்குறான். அந்தம்மா ச்சீ போன்னு சொல்றாங்க. அவன் சொல்றான், இன்னிக்கு நீங்க சொன்னதுலயே முதல் பொய் இதுதான்னு. அந்த எபிசோட் முடியறப்ப அந்தம்மா முகத்தப் பாருங்க. ரெண்டாவது சீசன் ஆரம்பத்துல கல்யாணமே நடக்குது. புரட்சிக்கு நிதி சேக்குறதுன்னா என்னன்னு அதுக்கு முன்னாடி எந்த ஸ்டார் வார்ஸ் படமும் கேட்டதில்ல. கலகக்காரங்களோட எக்ஸ்-விங் விமானம் எல்லாம் எங்கருந்து வந்துச்சு, பெட்ரோல் யார் போட்டா, நாமளும் கேட்டதில்ல.

ஜெனவீவ் ஓ'ரைலி பத்தி சொல்லியே ஆகணும், கொஞ்சம் பாதை மாறிக்கிறேன். அவங்க 2005லயே ரிவெஞ்ச் ஆஃப் தி சித்ங்கிற ஸ்டார் வார்ஸ் படத்துல மான் மோத்மாவா நடிச்சவங்க. நடிச்ச முக்கியமான சீன் எல்லாம் எடிட்டிங்ல போயிடுச்சு. எந்த சீன் தெரியுமா, செனட்டருங்க கூடி, பின்னாடி எம்பரர் ஆகப்போற பால்படீனுக்கு எதிரா என்ன பண்ணலாம்னு பேசுற சீன், கதைக்கு வேகத் தடைன்னு தூக்கிட்டாங்க. அப்புறம் ரோக் ஒன்ல கொஞ்ச நேரம். அப்புறம் 2025ல, இருபது வருஷம் கழிச்சு, அதே வேஷத்துல செனட் நடுவுல நின்னு கோர்மன்ங்கிற கிரகத்துல நடந்தது இனப்படுகொலைன்னு சொல்லி எம்பரர் பேர சொல்லிப் பேசுறாங்க. அந்த எபிசோட எழுதின டேன் கில்ராய்க்கு எம்மி விருது கிடைச்சுது. வேகத்தக் குறைக்குதுன்னு வெட்டிப் போட்ட விஷயமேதான் கடைசியில கிளைமாக்ஸ் ஆச்சு.

செட் விஷயத்துலயும் சண்டை இருக்கு, அதுல எனக்கு பெருசா சொல்ல ஒன்னுமில்ல. மாண்டலோரியன்ங்கிற இன்னொரு ஸ்டார் வார்ஸ் சீரியல் மாதிரி பெரிய எல்ஈடி சுவருக்கு முன்னாடி நிக்க வெச்சு எடுக்காம, இங்கிலாந்துல, ஆண்டோர் வளர்ந்த ஃபெரிக்ஸ்ங்கிற ஊர நிஜமாவே கட்டி எடுத்தாங்க, எம்பயரோட தலைநகர் கொரஸான்டுக்கு லண்டன் பார்பிகன், ரெண்டாவது சீசன் செனட்டுக்கு ஸ்பெயின்ல வலென்சியா, அல்டானி அணைக்கட்டு ஸ்காட்லாந்துல இருக்கிற க்ருவாகன். செங்கல் செங்கல்லா தெரியுது. அதனால என்ன லாபம்னா, ஃபெரிக்ஸ்ல செத்தவங்க சாம்பல்ல செங்கல் செஞ்சு சுவத்துல வெக்கிற பழக்கம்னு ஒன்னு வருது, ஆண்டோர வளர்த்த மார்வா சாவுக்கு அந்த செங்கல்ல தூக்கிட்டு ஊர்வலம் போறாங்க, அதாலயே ஒரு சிப்பாய் மண்டையில ஓங்கி அடிக்கிறாங்க. சுவர் நிஜமா இருக்கிறதால அந்த அடி நமக்கும் வலிக்குது. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச சுவரா இருந்தா இந்த யோசனையே அவங்களுக்கு வந்திருக்குமான்னு தெரியல.

இப்ப என் கட்சிக்காரங்களயும் ரெண்டு வார்த்தை கேக்கணும். ஆண்டோர் பிடிச்சவங்கள்ல ஒரு கூட்டம் இருக்கு, அவங்களுக்கு ஆண்டோர் ஒரு தடி, அத வெச்சு மத்த எல்லாத்தயும் அடிக்கணும். ஒபி-வான் கெனோபி சீரியலா, குழந்தைங்க சமாசாரம். அசோகாவா, கார்ட்டூன். குட்டி யோடாவா, பொம்மை வியாபாரம். நாங்க பெரியவங்க, நாங்க பாக்குறது சீரியஸ் டிராமா. எனக்கு இது சுத்தமா பிடிக்கல. 1977ல அந்த முதல் படம் ஒரு தேவதைக் கதை, பண்ணையில வளர்ந்த பையன், கிழட்டு மந்திரவாதி, கோட்டையில இளவரசி. அது அப்படி இருந்ததாலதான் உலகம் பூரா பிடிச்சுக்கிச்சு. அந்தப் பையன் வந்து டெத் ஸ்டார வெடிக்க வெப்பான்னு நமக்குத் தெரியும், அந்த நம்பிக்கை நம்ம மனசுல இருக்கு, அதனாலதான் ஆண்டோர் இவ்வளவு இருட்டா இருந்தும் நம்மால தாங்க முடியுது. புரட்சிய ரகசியமா நடத்துற லூதன் ரேல் அந்த லிஃப்ட்டுக்குப் பக்கத்துல நின்னு பேசுற வசனம், நான் பாக்கப்போறதே இல்லாத ஒரு விடியலுக்காக என் வாழ்க்கைய எரிச்சுட்டேன்ங்கிற மாதிரி வரும், அத கேக்குறப்ப நமக்கு தொண்டை அடைக்குதே, ஏன்? அந்த விடியல நாம சின்ன வயசுல பாத்தாச்சு, அவரு பாக்கல. அந்தப் பண்ணைப் பையன் லூக் ஸ்கைவாக்கர் இல்லாம லூதனோட வசனத்துக்கு பாதி உயிர் கிடையாது. இத ஒத்துக்காம குழந்தைங்க சமாசாரம்னு மூக்கச் சுளிக்கிறவங்கள பாத்தா, மாடி வீட்டுல உக்காந்துக்கிட்டு அஸ்திவாரத்த கிண்டல் பண்றாங்கன்னுதான் தோணும்.

ஃப்ரெண்டு கேக்குற ஒரு கேள்வி எனக்கும் உறுத்தும். ஜெடாய், ஃபோர்ஸ், மந்திரம் எல்லாத்தயும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வழக்கமான ஒரு உளவாளிக் கதைதானே, இத ரெண்டாம் உலகப் போர்ல வெச்சே எடுத்திருக்கலாமேன்னு. எடுத்திருக்கலாம்தான். ஆனா நிஜ வரலாறுல வெச்சா உடனே நாம பக்கம் எடுத்துருவோம், எந்த நாடு, எந்த வருஷம், யார் தப்புன்னு முன்னாடியே ஒரு முடிவு வெச்சிருப்போம். கில்ராய் வரலாறு படிக்கிற ஆளு, அல்டானி கொள்ளைக்கு 1907ல டிஃப்லிஸ்ல ரஷ்யப் புரட்சிக்காரங்களான போல்ஷெவிக்குங்க நடத்தின வங்கிக் கொள்ளை ஒரு தூண்டுதல்னு அவரே பேட்டியில சொல்லிருக்காரு. அத அப்படியே படமா எடுத்தா நமக்கு அதுல பங்கு இருந்த சோவியத் ஸ்டாலின் மூஞ்சிதான் தெரியும். கிரகத்துக்குக் கொண்டு போயிட்டா, ஏழு பேரு உயிர் பயத்துல நடுங்கிக்கிட்டு பணத்த அள்ளுறது மட்டும்தான் தெரியும். விண்வெளி இங்க அலங்காரத்துக்கு இல்ல, நம்ம முன்முடிவ கழட்டி வெக்கிறதுக்கு. இதச் சொன்னப்ப அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான், அப்புறம் "இருந்தாலும் ஒரு லைட்சேபர் வெச்சிருக்கலாம்" அப்படின்னான்.

சரி, ரெண்டாவது சீசன். இங்கதான் என் வாதமே எனக்கு எதிரா திரும்பிக்கிச்சு. அஞ்சு சீசன் எடுக்கிறதா இருந்த திட்டம், ஒரு சீசனுக்கு ஒரு வருஷக் கதை. முதல் சீசன் எடுத்துட்டு இருக்கிறப்பவே இந்த வேகத்துல போனா ஆண்டோரா நடிக்கிற டியேகோ லூனாவுக்கு வயசாயிடும், நமக்கும் தெம்பு இருக்காதுன்னு அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அதனால மிச்ச நாலு வருஷத்தயும் பன்னெண்டே எபிசோட்ல அடைச்சாங்க, மூணு எபிசோடுக்கு ஒரு வருஷம், வாரத்துக்கு மூணு எபிசோடா 2025 ஏப்ரல் 22ல ஆரம்பிச்சு மே 13ல முடிச்சுட்டாங்க. நாலு வாரம். முதல் சீசன ஸ்லோன்னு திட்டின ஆளுங்க இத வேகம்னு பாராட்டினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ குறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

அல்டானி கொள்ளையில இருந்த சின்ட்டாவோட சாவு எடுத்துக்குங்க. அவளும் அவ காதலி வெல்லும் ரொம்ப நாள் பிரிஞ்சிருந்து திரும்ப சேர்றாங்க, சேர்ந்த அடுத்த நிமிஷத்துல தவறிப் போயி வெடிச்ச துப்பாக்கி குண்டுல செத்துப் போறா. அந்தப் பிரிவு எப்படி இருந்துச்சுன்னு நாம பாக்கல, வருஷத்த தாண்டிட்டோம். ஆண்டோரோட காதலி பிக்ஸ் பட்ட சித்திரவதையிலருந்து மீண்டு வந்தது, ஆண்டோர் சும்மா ஒரு திருடனா இருந்தவன் தலைவனா ஆனது, இதெல்லாம் அந்த வருஷ இடைவெளியிலதான் நடக்குது, கேமரா ஆஃப் ஆன நேரத்துல. கடைசியில பிக்ஸ் ஒரு ரெக்கார்டிங் விட்டுட்டுக் கிளம்பிப் போறதும் எனக்கு ஒட்டவே இல்ல, அவளுக்குன்னு யோசிச்ச முடிவு மாதிரி இல்லாம, ரோக் ஒன்ல அவ இல்லையே, எங்கயாவது அனுப்பணுமேன்னு அனுப்பின மாதிரி. கீனோ ஒரு நம்பர் சொல்றதுக்கு ஒன்னரை எபிசோட் எடுத்துக்கிட்ட அதே சீரியல்தான் இது.

இதுல வேடிக்கை என்னன்னா, அதே சீசன்ல நிஜமாவே இழுவையான இடமும் இருக்கு. ஆரம்பத்துல யாவின் காட்டுல ஒரு கலகக்கார கோஷ்டிக்கிட்ட நம்மாளு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பான், அவனுங்க யாரு தலைவன்னு அடிச்சுக்கிட்டே இருப்பானுங்க, ஜோக்கு புரியுது, ஒரு தடவை போதும், ரெண்டு எபிசோடுக்கு ஓடுது. என் கட்சிக்காரங்க அதுக்கும் விளக்கம் வெச்சிருக்காங்க, புரட்சியோட குழப்பத்தக் காட்டுதாம். எல்லா இழுவைக்கும் விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா அப்புறம் நாம ரசிகர் இல்ல, வக்கீல்.

ஆனா கோர்மன். அந்தக் கிரகத்தோட கதை மட்டும் வருஷம் தாண்டித் தாண்டி வந்தாலும் பழைய ஆண்டோர் மாதிரியே ஊறி ஊறி வந்துச்சு. முதல்ல ஒரு மலை மேல மீட்டிங், டெத் ஸ்டார் திட்டத்தோட தலைவர் க்ரெனிக் பேசுறாரு, ஜன்னலுக்கு வெளிய பனி, நல்ல சாப்பாடு, தரைக்கு அடியில ஒரு கனிமம் வேணும், அத எடுத்தா அந்தக் கிரகமே தாங்காம போகலாம், அங்க இருக்கிற ஜனங்கள என்ன பண்றதுன்னு பிரச்சாரக் குழுகிட்ட ஐடியா கேக்குறாங்க. கோர்மன்காரங்க திமிரு பிடிச்சவங்கன்னு கொஞ்சம் கொஞ்சமா பேர் கெடுத்து விடலாம்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அந்தப் பேச்சு நடந்து, எட்டாவது எபிசோட்ல அந்தச் சதுக்கத்துல ஜனம் கைகோத்து அவங்க பாட்ட பாடிக்கிட்டு நிக்கிறப்ப சுடுறாங்க. நடுவுல என்னென்ன நடந்துச்சோ, நியூஸ்ல என்ன சொன்னாங்களோ, சிரிலோட அம்மா டிவி பாத்துட்டு கோர்மன்காரங்கள திட்டுவாங்களே, எல்லாமே படிப்படியா வெச்சிருந்தாங்க. சிரிலுக்கு அங்கதான் தான் யாருக்கு வேலை செஞ்சோம்னு புரியுது, கண் முன்னாடி ஆண்டோர் நிக்கிறான், பாஞ்சு அடிக்கிறான், கொல்ல வாய்ப்பு வருது, அப்ப ஆண்டோர் அவனப் பாத்து நீ யாருடான்னு கேக்குறான். வருஷக்கணக்கா இவன் வாழ்க்கையையே ஆட்டிப் படைச்ச எதிரிக்கு இவன் யாருன்னே தெரியாது. அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் சிரில் துப்பாக்கிய இறக்குறான், இறக்கினதும் வேற ஒருத்தர் சுட்டுடறாரு. இருபது எபிசோட் பாத்தவங்களுக்கு மட்டும்தான் அது இடி மாதிரி இறங்கும். எங்கயோ நடுவுல ஆரம்பிச்சவங்களுக்கு ஒன்னுமே இல்ல அது, ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க, ஒருத்தன் செத்தான்.

அதனால ஃப்ரெண்டுகிட்ட கடைசியா நான் போட்ட கணக்கு இதுதான்: நீ ஸ்லோன்னு சொல்றது தப்பில்ல, ஆனா உனக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரியணும், அதனால உன் கடிகாரத்துல ஸ்லோ. இந்தக் கதையில அடுத்து என்ன நடக்கும்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், ஆண்டோர் செத்துருவான், பிளான் கிடைச்சுரும், டெத் ஸ்டார் வெடிச்சுரும், 1977லயே சொல்லியாச்சு. உளவாளிங்க ரகசிய வரைபடத்தத் திருடினாங்கன்னு அந்த மஞ்சள் எழுத்துல ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள்ள எத்தனை பேர், எத்தனை ஷிஃப்ட், எத்தனை மீட்டிங், யாரோட பொண்ணோட கல்யாணம், இதுதான் மொத்த 24 எபிசோடும். எப்படி சீக்கிரம் சொல்லச் சொல்ற?

நல்லா பேசிட்டோம்னு நெனச்சு நிறுத்தினேன். அவன் ரொம்ப நேரம் ஒன்னும் சொல்லல, நான் ஜெயிச்சுட்டேன்னே நெனச்சேன்.

அப்புறம் கேட்டான், "சரி, முதல் எபிசோட்ல தங்கச்சியத் தேடினானே, அவ கிடைச்சாளா?"

"இல்லடா."

"24 எபிசோட்லயும்?"

"கிடைக்கல. கடைசி எபிசோட்ல கனவுல மட்டும் வருவா."

"பாத்தியா?" அப்படின்னான்.